கைப்பிடியில் நின்றது யார்?

அம்மோனியாவோடு வேலை செய்கிறவன் பொய் சொன்னாலும் அவன் கண் சொல்லாது. காலையில் எங்கேயாவது கசிய விட்டிருந்தால் சாயங்காலம் வரைக்கும் அது சிவந்தே இருக்கும். ஐஸ் தொழிற்சாலையிலும் பால் குளிரூட்டும் நிலையத்திலும் குளிர்பதனக் கிடங்கிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைப் படிக்கிற தோழர்களே, அது அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் வாலாஜாபாத் சாலையில் ஓர் அம்மோனியா கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். டேங்கர் லாரியில் வரும் திரவ அம்மோனியாவை எங்கள் தொட்டிக்கு இறக்கும் கம்ப்ரஸர்தான் என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். அதனால் எங்களுக்குச் செய்யப்பட்ட அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் எனக்குக் கை ஓடாது.

முதலாவது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோருடைய அடையாள அட்டையிலும் 'தோட்டப் பராமரிப்பு' என்று அச்சிட்டார்கள். எங்கள் வளாகத்தில் இருந்த ஒரே செடி, வேலியோரம் தானாக முளைத்த எருக்கு. இரண்டாவது, ஏழு பேருக்கு இரண்டு முகமூடி கொடுத்தார்கள்; அதில் ஒன்று காலாவதியானது. மூன்றாவது, கண் கழுவும் குழாய்க்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் அதை நிரப்பினார்கள். நான்காவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிக்குழாய் கிழிந்தபோது அடுத்த வருஷம் வாங்கலாம் என்றார்கள். கம்பத்தில் என் பழைய லுங்கியைத்தான் தைத்துக் கட்டினோம். ஐந்தாவது, பதிவேட்டில் 'கம்ப்ரஸரை இயக்கியவர்' என்ற கட்டத்தில் எந்த நாளும் எங்கள் பெயரை எழுதவில்லை. ஒவ்வொரு லாரிக்கும் மேலாளரின் பெயரே இருக்கும், அவர் ஊரில் இல்லாத நாளிலும்.

இந்த ஐந்தாவதை மறந்துவிடாதீர்கள்.

தொடாமல் தள்ளுகிற மிஷின்

எங்களிடம் சிலிண்டர் வாங்குகிறவர்களில் ஒரு பாய் இருந்தார். ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்தார். ஒரு நாள் லாரி இறங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "இந்த பம்புக்குள்ள அம்மோனியா எப்படிபா போவுது?" என்று கேட்டார். பம்பு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இது பம்பு இல்லை என்று உட்கார வைத்து விளக்கினேன்.

எங்கள் கம்ப்ரஸருக்குள் ஒரு சொட்டுத் திரவமும் போகக்கூடாது. போனால் உள்ளே தட்டுகள் உடைந்து சிதறும். அது செய்வது வேறு வேலை. எங்கள் தொட்டியின் தலையில் இருக்கும் ஆவியை உறிஞ்சி, லாரித் தொட்டியின் தலையில் கொண்டுபோய் அழுத்தும். அந்த அழுத்தம் தாங்காமல் லாரியில் இருக்கும் திரவம் அடிக்குழாய் வழியாக எங்கள் தொட்டிக்குத் தானே ஓடி வரும். லாரி காலியானதும் நான்குவழி வால்வின் கைப்பிடியைத் திருப்பினால் திசை மாறிவிடும். லாரியில் மிஞ்சிய ஆவியையும் இழுத்து வந்துவிடும். அந்தக் கைப்பிடியில் நிற்கிறவன்தான் அன்றைக்கு ராஜா. இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பாய் தாடியைத் தடவினார்.

"அப்ப இது பட்டுத் தரகர் மாதிரின்னு சொல்லு. சேலையில விரல் வைக்கமாட்டான், ஆனா அவன் இல்லாம ஒரு சேலையும் கை மாறாது."

நீல மணி

மேலாளர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். பக்திமான். என்னை 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று இருபது வருஷம் பழகியும் என்னால் பிரிக்க முடியவில்லை. ஓர் ஆயுத பூஜைக்குக் கம்ப்ரஸருக்கு நேர்மேலே ஒரு பித்தளை மணியைக் கட்டித் தொங்கவிட்டார். புது மணி, பளபளவென்று இருந்தது. பொங்கலுக்குள் அது மயில் கழுத்து நிறத்துக்கு வந்துவிட்டது.

அம்மோனியாவுக்குப் பித்தளையும் செம்பும் ஆகாது. எங்கள் குழாய்கள் முழுக்க இரும்புதான். மணி நீலமாகிறது என்றால் கம்ப்ரஸரின் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பேக்கிங் தேய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது என்று அர்த்தம். மூக்கு பழகிப்போனதால் எங்களுக்கே தெரியவில்லை. மேலாளரிடம் சொன்னேன். பருவநிலை என்றார். அன்றைக்கே 'மணி ஏன் நீலமானது?' என்று தலைப்பிட்டு ஒரு துண்டறிக்கை அடித்தேன். எனக்கே பிடித்த என் துண்டறிக்கைகளில் அது ஒன்று. மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "மணியைக் கழட்டிட்டேன், தலைவரே. இனிமே நோட்டீஸ் வேணாம்" என்றார்.

பேக்கிங்கை மாற்றவில்லை, மணியைக் கழற்றினார்.

அப்போது எங்களோடு கிரேசி சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தென்னேரிப் பக்கத்துப் பெண். அதற்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுத்தறியில் கரை வாங்கும் வேலை பார்த்தவள். நெய்கிறவர் சேலையின் உடல் பக்கத்து நாடாவை, அதாவது நூலைக் கொண்டு ஓடும் கட்டையை, ஓட்ட, கரைப் பக்கத்து நாடாவை ஓட்டுகிற இரண்டாவது ஆள். எங்களிடம் அவள் அட்டையிலும் தோட்டப் பராமரிப்புதான். அவள் திங்கள்கிழமை இன்னொரு பித்தளை மணி வாங்கி வந்து அதே கொக்கியில் மாட்டினாள். பழையதைவிடப் பெரியது. மேலாளர் பார்த்துவிட்டு நின்றார். சாமிக்கு என்று கட்டியதைக் கழற்றுவதற்கு இரண்டாவது முறை அவருக்குக் கை வரவில்லை. இதுவும் நீலமாகிவிடக் கூடாதே என்றோ என்னவோ, அந்த வாரமே புதுப் பேக்கிங் வந்தது.

"எங்க சர்ச்சுலயும் ஞாயித்துக்கிழமைக்கு மணி உண்டு சார்," என்றாள் கிரேசி மேலாளரிடம், "ஆனா அது நீலமாவாது."

பின் சீட்

வேலை முடிந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினால் எங்களுக்கு இடம் கிடைப்பது சுலபம். நாங்கள் உட்கார்ந்தால் நெடி தாங்காமல் பக்கத்து ஆள் எழுந்துவிடுவார். ஒரு நடத்துநர் எங்களைப் பார்த்ததுமே பின் சீட்டுக்குக் கையைக் காட்டிவிடுவார். அதைப் பற்றியும் ஒரு துண்டறிக்கை எழுதி வைத்திருந்தேன். யாருக்கு எதிராக என்று தெரியாததால் அச்சடிக்கவில்லை.

ஒரு வெயில் நாளில் முன் சீட்டில் ஓர் அம்மா மயங்கிச் சரிந்தார். தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள், எழவில்லை. நடத்துநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைசி சீட்டு வரைக்கும் வந்தார்.

"அண்ணே, கோச்சிக்காத, உன் சட்டைக் கையை அந்தம்மா மூக்காண்ட ஒரு தபா காட்டு."

அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

உம் கொட்டுகிற பழக்கம்

இது நான் செய்த தப்பு. வேறொருவன் செய்திருந்தால் பெயரோடு எழுதியிருப்பேன். ஆகையால் என்னையும் விடப்போவதில்லை.

ஆந்திராவிலிருந்து லாரி கொண்டுவரும் ஓட்டுநர் சுப்பாராவ் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அவர் லாரி பாதி இறங்கியிருந்தது. நான் கைப்பிடியில் நின்றபடி, மனசுக்குள் ஒரு துண்டறிக்கையின் கடைசிப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். பத்தி முடிந்த நிம்மதியில் கை தானாகக் கைப்பிடியைத் திருப்பிவிட்டது. லாரி இன்னும் காலியாகவில்லை. அடிக்குழாய் வால்வும் திறந்தே இருந்தது. கம்ப்ரஸர் என்ன செய்யும், சொன்னபடி கேட்கும். லாரியின் ஆவியை இழுத்து எங்கள் தொட்டியை அழுத்த ஆரம்பித்தது. இறங்கிய சரக்கு திரும்பி லாரிக்கே ஏறியது. "அண்ணே, தொட்டியில லெவல் இறங்கிக்கினு போவுது" என்று கிரேசி சொன்ன பிறகுதான் எனக்கு உலகம் தெரிந்தது. சுப்பாராவ் சிரித்துக்கொண்டே, "ஏமண்ணா, இறக்க வந்தவனுக்கு ஏத்தி அனுப்புறீங்க, ஊருக்குப் போயி நான் ஏமி சொல்றது?" என்றார்.

அன்றைக்குக் கிரேசி ஒரு பழக்கம் கொண்டுவந்தாள். அவள் உட்கார்ந்த தறியில், நாடா இந்தப் பக்கம் வந்ததும் கரை வாங்குகிறவர் 'உம்' என்று குரல் கொடுத்தால்தான் நெய்கிறவர் அடுத்த மிதியை மிதிப்பாராம். அதேபோல இங்கேயும் கைப்பிடியைத் தொடுகிறவர் தன் பெயரையும் செய்யப்போவதையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். லாரிப் பக்கம் ஒருவர், தொட்டிப் பக்கம் ஒருவர் 'உம்' கொட்டிய பிறகுதான் திருப்ப வேண்டும். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் தப்பு என்னுடையது, ஒத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில், பெயர் சொல்லாமல் கை நீட்ட யாருக்கும் வரவில்லை. சாலைக்கு எதிரில் டீக்கடை வைத்திருப்பவர்கூட எங்கள் குரலை வைத்தே இன்றைக்குக் கைப்பிடியில் யார் என்று சொல்லிவிடுவார்.

மேலாளர் மட்டும் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னா தலைவரே, கம்ப்ரஸர் ஷெட்டா, பஜனைக் கூடமா?"

மேகத்துக்குள் கேட்ட பெயர்

போன வருஷம், முகூர்த்த நாள் ஒன்று. மேலாளர் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சுப்பாராவின் லாரி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் டீக்கடையில் இருந்தார். கைப்பிடியில் கிரேசி. தொட்டி வால்வில் நான். அன்றைக்கு வேலைக்கு வந்திருந்த மற்ற இரண்டு பேர் தண்ணீர்க் குழாய் பக்கம். காலை பத்து மணி இருக்கும். லாரியின் பின்னால் ரப்பர் குழாய் இரும்போடு சேருகிற இடத்தில் 'புஸ்' என்று ஒரு சத்தம். அடுத்த மூச்சுக்குள் வெள்ளையாக ஒரு மேகம் தரையோடு படர்ந்து லாரியை மறைத்துவிட்டது.

நான் என் பக்கத்து வால்வை மூடினேன். அதனால் எங்கள் தொட்டி தப்பித்தது. லாரியிலிருந்து வருவது நிற்கவில்லை. அதை நிறுத்த வேண்டுமானால் லாரியின் பின்பக்கம் இருக்கும் அவசரக் கம்பியை இழுக்க வேண்டும். மேகம் அங்கேதான் இருந்தது. கம்பத்தில் என் லுங்கி சாலைப் பக்கம் பறந்தது. சாலையில் பஸ் நிறுத்தம், அதில் பத்திருபது பேர். கம்ப்ரஸர் நின்ற சத்தம் கேட்டது. கைப்பிடி இருந்த இடத்தைப் பார்த்தேன், கிரேசி இல்லை. நான் மேகத்திலிருந்து இரண்டடி பின்வாங்கினேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அப்போது மேகத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "கிரேசி. மிஷின் நிறுத்தியாச்சு." பழக்கம் எங்களை விடவில்லை. நின்ற இடத்திலிருந்தே 'உம்' கொட்டினோம். "கிரேசி. லாரிக்குப் பின்னாடி இருக்கேன்." அந்தக் குரலைக் குறிவைத்துத் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னேன், அம்மோனியாவைத் தண்ணீர் குடித்துவிடும். "கிரேசி. கம்பி இழுத்துட்டேன்." சீறல் நின்றது. நனைந்த துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, காற்று வரும் பக்கமாகவே சுற்றி வெளியே வந்தாள். இடது கை மணிக்கட்டு வரைக்கும் பனி படர்ந்ததுபோல வெளுத்திருந்தது. கண் கழுவும் குழாயைத் திறந்தோம். மூன்றாவது அநீதி ஞாபகம் இருக்கிறதல்லவா, அதில் தண்ணீர் இல்லை. குழாயால் பீய்ச்சிய தண்ணீரிலேயே கழுவினோம்.

சாலையில் நின்றவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓடி வந்த சுப்பாராவ் அவள் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"அம்மா, என் லாரி, நான் இழுக்க வேண்டிய கம்பி."

நோட்டீஸ் வேணாம்

மூன்றாம் நாள் மேலாளர் எழுதிய அறிக்கையை எங்களிடம் காட்டினார்கள். அவருடைய மேற்பார்வையில் கசிவு உடனே நிறுத்தப்பட்டதாம். யாருக்கும் காயம் இல்லையாம். பதிவேட்டிலும் 'கம்ப்ரஸரை இயக்கியவர்' கட்டத்தில் வழக்கம்போல அவர் பெயர். எங்களை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் கிரேசியைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் சமைக்கும்போது கை வெந்தது என்று சொல்லச் சொன்னார். தோட்டப் பராமரிப்பு ஆள் வால்வைத் தொட்டது தெரிந்தால் வேலை போய்விடும் என்றும் சொன்னார். சொன்னதும் பொய்யில்லை. அவள் பெயர் வெளியே வந்தால் வேலை போகலாம்; வராவிட்டால் அன்றைக்கு அவள் அங்கே இல்லவே இல்லை.

எனக்கு இரத்தம் கொதித்தது. உட்கார்ந்த இடத்தில் நான்கு பக்கத் துண்டறிக்கை எழுதினேன். அவள் பெயரைத் தலைப்பிலேயே போட்டேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் கடினமானது.

"நல்லாத்தான் இருக்குது அண்ணே, ஆனா நோட்டீஸ் வேணாம். நோட்டீஸ்ல வந்தா என் பேரை நீங்க சொல்றீங்க. ரிஜிஸ்டர்ல வந்தாத்தான் அவங்க சொல்றாங்க. எனக்கு அவங்க சொல்லணும்."

சாட்சிகள்

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். மேலாளர் அறையில் மேஜை மேல் பதிவேடு திறந்திருந்தது. ஆய்வாளர் ஒரு பெண்மணி, குறைவாகப் பேசுகிறவர். கசிவை நிறுத்தியது யார் என்று கேட்டார். "ஊழியர்கள்தான் மேடம், என் வழிகாட்டுதல்ல" என்றார் மேலாளர். நான் வாயைத் திறக்கப் போனேன். கிரேசி கட்டுப் போட்ட கையால் என் முழங்கையைத் தொட்டாள்.

"நான்தான் மேடம்," என்றாள். "மிஷினை நிறுத்துனதும் நான், கம்பி இழுத்ததும் நான். அட்டையில தோட்டம்னு இருக்கும். தோட்டம் எங்க இருக்குதுன்னு நீங்களே பாருங்க."

ஆய்வாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எருக்கஞ்செடி தெரிந்தது. பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். யாரும் எதையும் பார்க்கவில்லை, மேகம் மறைத்திருந்தது. அப்படியானால் என்ன கேட்டீர்கள் என்றார். நான், தண்ணீர் பீய்ச்சிய இருவர், விசாரணைக்கென்று வந்திருந்த சுப்பாராவ், எல்லோரும் ஒன்றையே சொன்னோம். கடைசியாகச் சாலைக்கு எதிரிலிருந்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "மூணு தபா கேட்டுச்சுங்க. மூணு தபாவும் கிரேசின்னுதான்" என்றார். எங்களில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தினமும் கேட்டுப் பழகிய குரல்.

ஆய்வாளர் எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு மேலாளர் பக்கம் திரும்பினார். "அந்த நேரத்துல நீங்க கைப்பிடியில இருந்தீங்களா?" மேலாளர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் கிரேசியின் கையைப் பார்த்தார். நான் பல வருஷம் எதிர்த்து எழுதிய மனிதர். அன்றைக்கு ஒரு வரி உண்மை சொன்னார் என்பதையும் நான்தான் எழுத வேண்டும். "இல்லீங்க. கல்யாணத்துல இருந்தேன்."

இயந்திரத்தை இயக்குகிறவரைத் தோட்டக் கணக்கில் வைத்திருக்க முடியாது, பயிற்சிச் சான்றோடு இயக்குகிறவராகவே சேர்க்க வேண்டும், காயத்தையும் எழுத வேண்டும் என்று ஆய்வாளர் உத்தரவு எழுதினார். பதிவேட்டில் தவறான பெயரை அடித்துவிட்டுச் சரியானதை எழுதச் சொன்னார். எழுதியதைச் சாட்சிகள் முன்னால் வாசித்துக் கையெழுத்து வாங்கச் சொன்னார். மேலாளர் எழுதினார். வாய்க்குள்ளேயே ஒரு முறை வாசித்தார். "கேக்கலை சார்," என்றார் சுப்பாராவ், "மேகத்துக்குள்ள இருந்தே இதைவிட நல்லாக் கேட்டுச்சு."

என் லுங்கி இன்னும் அந்தக் கம்பத்தில்தான் பறக்கிறது, இரண்டாவது முகமூடியும் இன்னும் காலாவதியாகத்தான் இருக்கிறது, இருபத்தெட்டு வருஷத் துண்டறிக்கைகளால் என்ன நடந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதெல்லாம், நான் அச்சடிக்காமல் விட்ட ஒரே ஒரு பெயரை மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐந்து சாட்சிகளும் 'உம்' கொட்டும்படி இரண்டாம் முறை சத்தமாக வாசித்தார் என்பதுதான்: "தே. கிரேசி, கம்ப்ரஸர் ஆப்பரேட்டர்."